பாயிண்டுக்குப் பாதி ஓய்வு

பழைய காரில் எலெக்ட்ரானிக் இக்னீஷியன் போட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், பானெட்டைத் தூக்கச் சொல்லிவிட்டு, எங்கே போட்டிருக்கிறார் என்று தேடுவது என் வழக்கம். சட்டென்று அகப்பட்டுவிட்டால் சப்பென்று ஆகிவிடும். பளபளக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றை ஓட்டை போட்டு முடுக்கி, அதிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஒயர் தொங்கவிட்டிருந்தால், செய்தவருக்குக் கரண்ட் தெரிந்த அளவுக்குக் கார் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவேன்.

வளவனூரில் பார்த்த வேலை தேடியும் அகப்படவில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே நின்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு நம்மூர்ப் பிள்ளை. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. ஆனாலும் 1961 முதல் பத்து வருடம் போல அதைச் செய்து விற்றது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. வண்டலூர்ப் பக்கம் அந்தத் தொழிற்சாலை இருந்த ஜி.எஸ்.டி. சாலையே திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கும் வருகிறது. எஞ்சின் 948 சி.சி., இன்றைக்கு ஒரு பெரிய பைக்கின் அளவுதான். இந்த வண்டியில் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: பானெட் தனியாகத் திறக்காது, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து கொடுக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மேஸ்திரியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

“எங்க வச்சிருக்கீங்க மேஸ்திரி?” என்றேன்.

“பாருங்க சார், கண்டுபிடிங்க” என்று பீடியைப் பற்றவைத்தார்.

அவர் என்ன செய்திருந்தார் என்பதற்கு முன்னால், அங்கே பழைய ஏற்பாடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி காடிலாக் கார்களுக்காகச் செய்துகொடுத்த முறை அது. பேட்டரியின் 12 வோல்ட், காயிலின் தடித்த சுற்று வழியாக வந்து, டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் நிரம்பும். நடுத் தண்டில் இருக்கும் நான்கு முனைக் கேம் அதைத் தள்ளித் திறந்த நொடியில் புலம் சரியும். சரிகிற வேகத்தில் மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, ரோட்டர் காட்டும் பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது. 1-3-4-2 என்ற வரிசையில் இது நடந்துகொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 100 பொறி. அதாவது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகள் வினாடிக்கு 100 தடவை ஒட்டிப் பிரிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் 4 ஆம்பியர் கரண்டைச் சுமந்துகொண்டு.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மரியாதை உண்டு. அறுபது வருடத்துக்கு மேல் உலகத்தின் பெட்ரோல் கார்களை இதுதான் ஓட்டியது. கோளாறு அதன் சுமையில் இருக்கிறது. நேரம் சொல்லவும் வேண்டும், கரண்டை அறுக்கவும் வேண்டும் என்று ஒரே ஆள் தலையில் இரண்டு வேலை. மணி அடிக்கிற வாட்ச்மேனையே மூட்டையும் தூக்கச் சொன்ன கதை. நேரம் சொல்லும் வேலையில் பாயிண்ட் கெட்டிக்காரன். மூட்டை தூக்கித்தான் இடுப்பொடிந்து போகிறது.

ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு சின்ன ஆர்க் அடிக்கும். அதைத் தணிக்கக் கண்டன்சர் இருக்கிறது. அதன் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஒரு பொட்டிலிருந்து உலோகம் கரைந்து எதிர்ப் பொட்டில் போய் ஒட்டும். கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. கேம் மேல் உரசும் ஃபைபர் குதிகாலும் மெல்ல மெல்லத் தேயும். அது தேய்ந்தால் இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது, காலையில் எடுக்காது, சைலன்ஸர் பட்டென்று வெடிக்கும். ஆகவேதான் அந்தக் காலத்து டிரைவர்கள் டாஷ்போர்டில் உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் வைத்திருந்தார்கள். லூகாஸ் டிஸ்டிரிபியூட்டருக்கு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. கேஜ் இல்லாதவர் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்துச் சமாளித்தார்.

அமெரிக்காவில் 1970-களின் நடுவில் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் எல்லாக் கார்களிலும் பாயிண்டை எடுத்துவிட்டார்கள். பின்னாளில் நம்மூர் மாருதிகளிலும் பாயிண்ட் இல்லாத டிஸ்டிரிபியூட்டர் வந்தது. பழைய வண்டிக்காரர்கள் கண் வைப்பது இயல்பாகவே அங்கேதான். மாருதி டிஸ்டிரிபியூட்டரையே பிடுங்கி, தண்டைக் கடைந்து சுருக்கி, ஹெரால்டிலோ அம்பாசடரிலோ பியட்டிலோ செருகிவிடுவது. அதிலும் 800-உம் ஆம்னியும் மூன்று சிலிண்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அவை உதவாது. எஸ்டீம், ஜென் பக்கம் போக வேண்டும். கைத்திறமை உள்ளவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். எனக்கு மட்டும் அது ஒப்பவில்லை. டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட் மட்டுமா இருக்கிறது?

பேஸ் பிளேட்டைத் தூக்கினால் கீழே இரண்டு எடைக்கட்டிகள், இரண்டு ஸ்பிரிங். வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து கேமை முன்னால் திருப்பும், பொறி முந்தி விழும். ஸ்பிரிங் இரண்டும் ஒரே பலம் இல்லை. ஒன்று முதலிலிருந்தே இழுபடும், மற்றது கொஞ்ச தூரம் போன பிறகுதான் பிடிக்கும். அந்த எஞ்சினுக்கு எந்த வேகத்தில் எவ்வளவு அட்வான்ஸ் என்ற கணக்கு இந்த இரண்டு கம்பிச் சுருளில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் கார்புரேட்டரோடு குழாய் வைத்து இணைத்த வாக்குவம் டப்பா. அதன் முனையில் விரலால் திருகும் ஒரு சின்ன நட்டு, ‘ஏ’ என்றும் ‘ஆர்’ என்றும் அம்புக்குறி போட்டது. திருகும்போது கிளிக் கிளிக் என்று கேட்கும். 11 கிளிக்குக்கு டைமிங் ஒரு டிகிரி நகரும். இந்த நட்டுக்காகவே நான் பழைய லூகாஸை எதனோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1960-களில் தொடங்கியதிலிருந்து நம் கார்களுக்கு வந்த சாமான் இது. வேறு எஞ்சினுக்கான டிஸ்டிரிபியூட்டரை வைத்தால் பொறி பலமாக வரும், நேரக் கணக்கு வேறு வீட்டுக் கணக்காக இருக்கும்.

மேஸ்திரியும் டிஸ்டிரிபியூட்டரைத் தொடவில்லை. மூடியைக் கழற்றிக் காட்டினார்: பாயிண்ட் அப்படியே இருந்தது. கண்டன்சர்கூட அதன் ஸ்க்ரூவிலேயே இருந்தது, ஒயரை மட்டும் கழற்றி முனையில் ஸ்லீவ் போட்டு மடக்கியிருந்தார். பொட்டுகளைப் பார்த்தேன். குழி இல்லை, மேடு இல்லை. “போட்டு மூணு வருசம் ஆச்சு சார், இன்னும் உப்புத்தாள் படல” என்றார்.

பாயிண்டுக்கு அவர் விட்டுவைத்தது நேரம் சொல்லும் வேலை. கரண்டை அறுக்கும் வேலை ஒரு பவர் டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டது. அதை எங்கே பிடித்தார் என்பதுதான் ரசமான இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் பின்னால் புதுப்பேட்டைக்கும் மற்ற காயலான் கடைகளுக்கும் வந்து குவிந்தன. நீர் புகுந்த இ.சி.யூ. பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். சில வகை இ.சி.யூ.வில் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் போர்டிலேயே இருக்கும், 300, 400 வோல்ட் உதையைத் தாங்குவதற்கென்றே செய்தவை. போர்டு செத்திருந்தாலும் இவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவர் இரண்டு போர்டு வாங்கி, ஈயம் இளக்கி நான்கு டிரான்சிஸ்டர் எடுத்தார். மீட்டரில் பார்த்து நல்லது என்று தெரிந்த பிறகும் நம்பவில்லை. பெஞ்சில் ஒரு காயிலையும் பிளக்கையும் வைத்து, கை பொறுக்காத சூடு வரும் வரை ஓட்டிப் பார்த்தார். ஒன்று போனது, மூன்று தேறின.

இனி என் கண்ணில் படாத அந்த இடம். ஹெரால்டின் டைனமோவை எடுத்துவிட்டு முன்னமே மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தார்கள். அதனால் ஃபயர்வாலில் இருந்த லூகாஸ் ரெகுலேட்டர் பெட்டிக்கு வேலை இல்லை, கறுப்பு மூடியோடு சும்மா நின்றது. மேஸ்திரி மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே காயிலும் காண்டாக்டும் இருந்த இடத்தில் பழைய யூ.பி.எஸ். ஒன்றின் ஹீட் சிங்கிலிருந்து அறுத்த அலுமினியத் துண்டு, அடித்தட்டை ஊடுருவிப் பின்னால் ஃபயர்வால் தகரத்தோடு ஒட்டி இறுக்கியிருந்தது. பெட்டிக்குள் சூடு தங்காமல் கார் உடம்புக்கே இறங்கிவிடும். டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடுதான் காயிலோடு சேரும் முனை, அது அலுமினியத்தில் பட்டால் எர்த் ஆகிவிடும். நடுவே ஒரு மைக்காத் தாள், இருபுறமும் வெள்ளைப் பேஸ்ட், ஸ்க்ரூவுக்கு நைலான் புஷ். பேஸ்டைக்கூட அள்ளி அப்பவில்லை. மைக்காவின் விளிம்பில் நூல் போல வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தது. ஒயர்கள் ரெகுலேட்டரின் பழைய முனைகளிலேயே வந்து சேர்ந்தன, துணி சுற்றிய பழைய ஒயர்.

ஐம்பது வயது கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனியாக விண்டேஜ் பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு, எதையும் மறைத்து வைப்பதில் பலருக்கு அக்கறை வந்திருக்கிறது. இவர் அதற்காகச் செய்யவில்லை. “தெரிஞ்சா அசிங்கமா இருக்கும் சார்” என்றார், அவ்வளவுதான்.

ஒரு நுணுக்கம் மட்டும் அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. பாயிண்டின் சுமையை இறக்கலாம், ஒரேயடியாக இறக்கக் கூடாது. மிகக் குறைந்த கரண்ட் போனால் பொட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் கறையும் எரியாமல் நின்று, பாயிண்ட் மூடினாலும் மூடாததாகிவிடும். அதனால் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு கால் ஆம்பியருக்குள் கொஞ்சம் ஓடவிட்டிருந்தார். தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. பாயிண்ட் மூடும்போதுதான் பெரிய டிரான்சிஸ்டர் விழிக்க வேண்டும் என்பதால், நடுவே செய்தியைத் திருப்பிச் சொல்ல ஒரு குட்டி டிரான்சிஸ்டர்.

காயிலிலும் கை வைக்கவில்லை. இங்கேதான் பலர் ஆசைப்பட்டுக் கெடுப்பார்கள். எலெக்ட்ரானிக் ஆயிற்றே என்று 1.5 ஓம் காயிலை நேராக மாட்டினால், கரண்டை அளந்துவிடத் தெரியாத இந்தச் சாதாரண சர்க்யூட்டில் 8 ஆம்பியர் ஓடி, காயில் கொதித்து எண்ணெய் கக்கும். பழைய 3 ஓம் காயிலே போதும்.

பலன் என்ன? குதிரைசக்தி ஒன்றும் ஏறாது. மைலேஜ் இரண்டு மடங்கு ஆயிற்று என்று சொல்பவரை நம்பாதீர்கள். வளவனூர்க்காரர்கள் பெட்ரோல் காசு மிச்சம் பிடிப்பது மதகடிப்பட்டுப் பக்கம் போய்ப் புதுச்சேரி விலையில் டேங்க் ரொப்பித்தான். நீங்கள் கேட்டறிய வேண்டியது ஐடிலிங்கை. அன்று சாவியைத் திருப்பியதும் பாதிச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மிஸ்ஸிங் இல்லாமல், நான்கு பிளக்கும் ஒரே அளவாக அடிக்கும் அந்தச் சத்தம், சின்ன எஞ்சினில் கேட்க அத்தனை இதம். இதற்கு டிஸ்டிரிபியூட்டர் தண்டின் புஷ்ஷும் நன்றாக இருக்க வேண்டும். தண்டு ஆடினால் சிலிண்டருக்குச் சிலிண்டர் பாயிண்ட் வேறு வேறு நேரத்தில் திறக்கும், அதை எந்த டிரான்சிஸ்டரும் சரிசெய்யாது. மழையும் அப்படித்தான். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தையே மூழ்கடித்தபோது பழைய வண்டிகள் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் போன ஈரம். அதற்கு உலர்ந்த துணிதான் மருந்து.

குறையும் சொல்ல வேண்டும். பாயிண்ட் சாகும் முன் ஒரு மாதம் முனகும். டிரான்சிஸ்டர் முனகாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விடும். அது நடுராத்திரி திண்டிவனத்துக்கு இந்தப் பக்கமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. வண்டியை அணைத்தார். ரெகுலேட்டர் பெட்டிக்கு வந்த ஒயரில் காயிலின் முனையைப் பிரித்து, டிஸ்டிரிபியூட்டருக்கு நேரே போட்டார். கண்டன்சர் ஒயரின் ஸ்லீவை உருவி அதன் இடத்தில் முடுக்கினார். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன ஸ்பானர், பீடி அணைவதற்குள் முடிந்தது. சாவி போட்டார். வண்டி பழைய கெட்டரிங் முறையிலேயே ஓடியது. பிறகு மறுபடியும் மாற்றினார்.

மீதி இரண்டு டிரான்சிஸ்டரையும் ஒரு மூக்குப்பொடி டப்பியில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்து ஒரு அம்பாசடருக்கு வேண்டுமாம். புதிதாக வரும் கழிவுக் கார்களில் பிளக் மேலேயே உட்காரும் காயில்கள்தான் இருக்கின்றன. டிரான்சிஸ்டரும் அதற்குள்ளேயே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பிரித்தெடுக்க வழியில்லை. இனி காயிலையே முழுசாகப் பயன்படுத்தும் யோசனை செய்ய வேண்டும் என்று சொல்லி, அப்படி ஒன்றை வைஸில் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார்.