‘அஹரே’: அவலமோ, வியப்போ?

சப்பானியச் செய்யுளிலும் கதையிலும் பயிலும் ‘அஹரே’ என்னும் சொல்லை ‘அவலம்’ எனப் பெயர்க்க முற்படுதல் நம்மனோர்க்கு எளிது. தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு காண முனைந்த பேராசிரியர் சுசுமு ஓனோவும் (1919–2008) இவ்விரு சொற்களையும் இணைத்தே எண்ணினார். ஒலியொப்புமை பற்றி ஈண்டு யாம் ஆராய்ந்திலம்; எம் ஐயம் பொருள் பற்றியதே.

அஹரே முதற்கண் ஒரு பொருளின் பெயர் அன்று. உணர்ச்சி மிக்கவிடத்துத் தானே எழும் ஒலிக்குறிப்பாம். கெஞ்சி கதைக்கு விளக்கம் வரைந்த மோத்தோரி நொரினாகா (1730–1801), ‘ஆ’, ‘ஹரே’ என்னும் இரண்டு வியப்பொலிகள் கூடி இச்சொல் பிறந்தது என்பர். மகிழ்ச்சியிலும் அது பிறக்கும். துயரம் நெஞ்சில் ஆழப் பதிதலின், பிற்காலத்தார் அதனைத் துயரத்திற்கே சிறப்பாக உரிமையாக்கினர் என்பது அவர் கொள்கை. முராசகி சிகிபு என்னும் அம்மையார் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய அக்கதையில் இச்சொல்லும் இதன் திரிபுகளும் 1000-க்கு மேற்பட்ட இடங்களில் வருகின்றன. அனைத்தையும் அவலம் என்று பெயர்ப்பின் பாராட்டெல்லாம் புலம்பலாய் முடியும்.

பாராட்டுக்கு ‘ஒகாசி’ என்னும் வேறு சொல் உண்டன்றோ எனின், உண்டு. சேய் சோனகோன் எழுதிய தலையணை நூலில் அது மிகுதியும் பயில்கின்றது. ஆயின், அது சற்று விலகி நின்று சுவைப்பார் கூற்று. அஹரே, கண்ட பொருளில் நெஞ்சம் கலந்தார் கூற்று.

இதற்குத் தக்க சான்று ‘ஹெய்கே’ கதையில் உளது. 1184-இல் நிகழ்ந்த இச்சினோதானிப் போரில், குமகாய் என்னும் வீரன் பகைவன் ஒருவனை வீழ்த்தித் தலைக்கவசத்தை நீக்க, தன் மகனையொத்த அகவையினனாகிய அத்சுமோரியின் முகம் தோன்றுகின்றது. அவனது பெருமிதங்கண்டு குமகாய் கூறும் புகழ்மொழி ‘அப்பரே’ என்று தொடங்குகின்றது. இரக்கமிருந்தும் காக்க இயலாது அவனைக் கொன்றபின், தன் வீரத்தொழிலையே நொந்து கூறும் மொழி ‘அஹரே’ என்று தொடங்குகின்றது. அப்பரே என்பது அஹரேயின் ஒலி அழுத்தம் பெற்ற வடிவமே. பின்னர், முன்னதைத் ‘தெளிந்த வானம்’ எனப் பொருள்படும் எழுத்துகளாலும், பின்னதைத் துயரம் குறிக்கும் எழுத்தாலும் எழுதி வேறு வேறு சொற்களாக்கினர்.

தொல்காப்பியர் அழுகையையும் மருட்கையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வகுத்தார். அஹரேயோ அவை பிரியாமுன் நின்ற சொல். ஆதலின், அவலத்தோடு அதனை ஒப்பிடுவார் அதன் பிற்காலப் பாதியையே ஒப்பிடுகின்றனர். சொல்லின் பிறப்பை ஆராய்வார் பிறந்த பொருளினின்று தொடங்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் இடந்தோறும் இஃது அழுகையோ, வியப்போ என ஆய்ந்து பெயர்த்தல் வேண்டும்.