தூக்குதலும் தாங்குதலும்

சிவகாசியையும் சாத்தூரையும் விருதுநகரையும் சூழ்ந்த கரிசல் பூமியில், பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தாளும் ஏற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓடித் தேய்கின்ற சிறு சரக்கு வண்டிகள், தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும் காலத்தில்தான் சொந்தக்காரரின் வீட்டு வாசலில் சற்றே இளைப்பாறுகின்றன. பட்டறைக் கூலியை மிச்சம் பிடிக்கக் கருதும் அவர், மைத்துனனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஜாக்கியால் வண்டியை உயர்த்தி அடியிலே படுத்துத் தாமே பழுது பார்ப்பதும் அந்நாட்களில்தான். இவ்வழக்கத்தைப் படிப்பில்லாதவர் செய்யும் சாகசம் என்று இகழ்வாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. தம் வண்டியின் எந்த ஸ்பிரிங் பட்டை விரிந்திருக்கிறது, எந்த மூட்டில் எண்ணெய் கசிகிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்த ஒருவர், பாரத்துடன் பாதையில் நின்றுபோகும் அவலத்துக்கு எளிதில் ஆளாகார். அந்த ஞானம் விலை கொடுத்து வாங்கக்கூடியது அன்று.

வழக்கத்தின் குறை வேறோரிடத்தில் இருக்கிறது. தூக்குதலும் தாங்குதலும் ஒன்றே என்று நம்பிவிடுகிறோம். எண்ணெய் ஜாக்கி என்பது ஒரு சிறு உருளையில் அடைபட்ட திரவத்தின் அழுத்தத்தால் பெரும் பாரத்தை உயர்த்தும் அற்புதமான உபாயம். ஆனால் உயர்த்திய பாரத்தை அந்தரத்தில் நிறுத்தி வைப்பவை தேயும் சுபாவமுடைய ஒரு வாசரும், விரலால் திருகக்கூடிய ஒரு வால்வும் மட்டுமே. சக்கரம் மாற்றுகின்ற கால் மணி நேரத்துக்கு அது போதும். அடியிலே மனிதன் படுத்துக் கியர்பெட்டியோடு மல்லுக்கட்டும் அரை நாளுக்கு அது போதாது.

750 கிலோ சரக்கேற்றவென்று 2005இல் டாட்டா நிறுவனம் கொண்டுவந்து, நம் மக்கள் ‘குட்டியானை’ என்று பெயரிட்டழைக்கும் வண்டியையே எடுத்துக்கொள்வோம்; வெறும் வண்டியே அந்தச் சரக்குக்குக் குறையாத எடையுடையது. அதில் எஞ்சினின் விசை செல்வதும் பின்சக்கரங்களுக்கே, கைப்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரங்களையே. ஆகவே பின் அச்சின் நடுவே ஜாக்கியை வைத்து இரு சக்கரங்களையும் தரையிலிருந்து எழுப்பிய கணமே, கியரில் விட்டிருக்கிறேன், கைப்பிரேக் போட்டிருக்கிறேன் என்னும் இரண்டு உறுதிகளும் பயனற்றுப்போகின்றன. தரையில் நிற்கும் முன்சக்கரங்களைத் தடுப்பது ஒன்றுமில்லை. அவற்றுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும் என்பது லாரிக் கிளீனர்கள் அநுபவத்தால் அறிந்த பாடம். சொந்த வண்டிக்காரரிடம்தான் அது இன்னும் முழுதாகப் பரவவில்லை.

இனி மண்ணைப் பற்றி. ஓய்வு கிடைக்கும் தீபாவளிக்குப் பிந்திய காலம் வடகிழக்குப் பருவமழையின் காலமுமாகும் என்பதை எவரும் எண்ணுவதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லெனக் கிடக்கும் கரிசல், மழை கண்டதும் ஊறிப் பருத்து, மேலே காய்ந்த தோல் போர்த்து, உள்ளே களியாக நெகிழ்ந்திருக்கும். உள்ளங்கையளவு அடிப்பாகமுடைய ஜாக்கி, காலையில் நேராக நின்றது நண்பகலில் சாய்ந்து நிற்கும். அகலமான பலகையொன்றை அடியில் இட்டால் இந்த அபாயம் குறையும். சிமெண்டுத் தளத்தில் செய்தால் பெரும்பாலும் நீங்கும்.

தாங்கலுக்கு நம்மவர் வைக்கும் பொருள்களிலும் தராதரம் உண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரிலே சாந்தோடு சேர்ந்து பரவலான பாரத்தைச் சுமக்கப் பிறந்தவை; இரும்புச் சட்டத்தின் கூர்மையான விளிம்பு ஓரிடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பின்றிப் பொடிந்துபோகும். கருங்கல் உடையாவிட்டாலும் வழுக்கும். கனமான மரக்கட்டைகளோ, கிடைமட்டமாக இரண்டு, அவற்றின் குறுக்கே இரண்டு என்று அடுக்கப்பட்டால், நசுங்கும்போதும் மெல்ல நசுங்கி, முறியுமுன் முனகி எச்சரிக்கின்றன. ஆதலால் உயர்த்திய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்க இயலாத ஏழை, மட்டமான தரையில் நல்ல கட்டைகளை முறையாக அடுக்கிக்கொள்வதை நான் குறை கூறமாட்டேன். வாங்க இயன்றவர் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்காகும் காசை மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

என்னை மிகவும் வருத்துவது மற்றொன்று. பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற விதிகளுக்கிடையே வாழும் மக்கள் இவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பட்டாசு ஆலை விபத்தின் துயரத்தை அருகிருந்து கண்டவர்கள். ஒரு கணப்பொழுதின் அஜாக்கிரதை என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஜாக்கிரதை ஆலையின் வேலியோடு நின்றுவிடுகிறது. வாசலில் வண்டிக்கடியில் தந்தை கிடக்க, மேலே ஏறிக் குழந்தைகள் குதித்து விளையாடுவதைத் திருத்தங்கல் தெருவொன்றில் நான் கண்டு பதறியிருக்கிறேன்.

அதே தெருவில் வயது முதிர்ந்த ஓட்டுநர் ஒருவர் வேலை செய்யும் முறையையும் கண்டேன். குழந்தைகளைத் திண்ணைக்கு அனுப்பினார். முன்சக்கரங்களுக்கு முட்டு வைத்தார். ஜாக்கியை மெல்லத் தளர்த்திப் பாரம் முழுவதையும் கட்டைகளின் மேல் இறக்கினார். கழற்றிய சக்கரத்தையும் சட்டத்துக்கடியில் கிடத்தினார். பிறகு வண்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து இருமுறை பலமாகத் தள்ளிப் பார்த்து, அது அசையாதது கண்ட பின்பே ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியிலே சென்றார்.