யவனர் தேறலும் குழல்மீன் சூடும்

புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இதனைக் கற்பிக்கும் ஆசிரியருள் சிலர், தேறலைத் ‘தேன்’ என்றுரைத்து நகர்ந்துவிடுகின்றனர். இவ்விடத்தில் அது பொருந்தாது. ‘தேறு’ என்பதினின்று பிறந்த அச்சொல் ஈண்டுத் தெளிந்த மதுவையே குறிக்கும்.

‘நன்கலம்’ என்பதற்குக் கப்பல் என்று பொருள் கொள்வாருமுளர். பழைய உரைகாரரோ குப்பி என்றார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகளுள் இத்தாலி நாட்டனவும் உண்டு. அவை உரைகாரர்க்கு அரண் செய்கின்றன.

உடன் உண்ணும் உணவை அப்பாடல் கூறவில்லை. சிறுபாணாற்றுப்படை நம் நாட்டு வழக்கைக் காட்டுகிறது: எயிற்பட்டினத்துப் பரதவர் பாணர்க்குப் பழந்தேறலோடு, உலர்ந்த குழல்மீனைச் சுட்டு அளிப்பர். இன்றும் இத்தாலியர் தம் வெண்மதுவுக்கு மீனை இணையாக்குவது ஒப்புநோக்கத்தக்கது.

ஆசிரியர் தயங்குவதன் காரணம் நாம் அறியாததன்று. கள்ளுக்கடையால் நலிந்த தோட்டக் குடும்பங்கள் பல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. ஆயினும், பொருளை மாற்றியுரைப்பதால் குடி ஒழியாது, புலமையே குன்றும். குடியின் கேட்டை உணர்த்த வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை அடுத்த பாடமாக வைப்போம். நக்கீரரை மட்டும் அவர் சொன்னபடியே சொல்லுவோம்.