பாட்டி சொன்ன தாளம்

2003-ல் 'தூள்' படத்தில் விக்ரம் அடிதடியில் இறங்க, ஒரு பாட்டியின் குரல் சண்டையையே ஓரங்கட்டியது. மதுரைப் பக்கம் பரவை முனியம்மா. சினிமாவுக்குத்தான் அவர் அறிமுகம். கிராமத்து மேடைகளுக்குப் பழைய ஆள்.

அந்தக் குரல் ஸ்டூடியோவில் தயாரானதல்ல. விருதுநகர் பங்குனிப் பொங்கல் மாதிரி திருவிழாக் கூட்டத்தில், ராட்டினச் சத்தத்தைத் தாண்டிக் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டிய குரல். அதனால்தான் வித்யாசாகரின் அத்தனை தாள வாத்தியங்களுக்கும் அது அமுங்கவில்லை. ராக் பாடகர்கள் ஆம்ப்ளிஃபையரில் தேடுவதை முனியம்மா தொண்டையிலேயே வைத்திருந்தார்.

'மான் கராத்தே'யிலும் (2014) பாடினார். மறு வருஷம் உடம்பு முடியாமல் போக, அரசு உதவ வேண்டியிருந்தது. 2020-ல் காலமானார். நாட்டுப்புறப் பாட்டு நம் சினிமாவுக்கு சிவகாசி சரவெடி மாதிரி. சத்தம் இருக்கும்வரை கைதட்டல். அப்புறம் வெறும் காகிதம்.