‘செய்யாதீர்’ என்றால் போதுமா?
வலி நீக்கும் பேட்ச்சின் குறிப்புத்தாள்: ஒரு விமர்சனம்

நூல்களை விமர்சிப்பது வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது நூல் அன்று. மருந்துப் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு தாள். மூட்டு வலிக்காகத் தோலில் ஒட்டிக்கொள்ளும் புப்ரனார்ஃபின் பேட்ச்சுடன் வந்தது அது. இதையெல்லாம் விமர்சிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மருந்தைப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் ஒரே அறிவியல் பாடம் அந்தத் தாள்தான். பாடம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

என் பெரியம்மாவுக்கு வயது 68. இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். வழக்கமான வலி மாத்திரைகளைச் சிறுநீரகம் தாங்காது என்பதால் வாரத்துக்கு ஒன்றாக இந்தப் பேட்ச் எழுதித் தரப்பட்டது. முதலில் மணிக்கு 5 மைக்ரோகிராம் மருந்தைத் தருவது. பின்னர் 10 மைக்ரோகிராம். பெரியம்மா அதைப் ‘பிளாஸ்திரி’ என்றுதான் சொல்வார். பிளாஸ்திரியை எங்கே ஒட்டுவார்கள்? வலிக்கிற இடத்தில்தானே! முழங்காலில் ஒட்டினார். வலி மிகுந்த ஓர் இரவு அதன் மேலேயே வெந்நீர்ப் பையை வைத்து நெடுநேரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். காலையில் எழுப்பினால் எழவில்லை. கண் திறந்தார், பேச்சுக் குழறியது, வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் பேட்ச்சை எடுத்துவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை விரித்துப் படித்தேன். ‘மேற்கையின் வெளிப்புறம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் ஒட்டவும்’ என்றிருந்தது. ‘வெப்பம் படக் கூடாது’ என்றிருந்தது. எல்லாமே இருந்தன. பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால், முழுவதும் ஆங்கிலத்தில், கடுகு போன்ற எழுத்தில் இருந்தது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் என் குறை தீராது. ஏனென்றால் தாள் முழுக்கக் கட்டளைகள். காரணம் ஒன்றுகூட இல்லை. விடுபட்ட காரணங்கள் என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, ஒட்டும் இடம். இந்தப் பேட்ச் வலிக்கிற இடத்தில் வேலை செய்வதில்லை. புப்ரனார்ஃபின் அபினிக் குடும்பத்து மருந்து. அபினிச் செடியில் கிடைக்கும் தீபைன் என்ற பொருளிலிருந்து செய்யப்படுவது. கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் தோலின் மேலடுக்கைக் கடந்து அடியிலுள்ள நுண்குழாய்களின் வழியே இரத்தத்தில் கலக்கிறது. பிறகு தண்டுவடத்தையும் மூளையையும் அடைந்து அங்கே வலிச் செய்தியைத் தணிக்கிறது. மூச்சை நடத்தும் மையமும் மூளையில்தான் இருக்கிறது. மருந்து மிகுந்தால் தூக்கமும், அதன் பின் மூச்சுத் தளர்ச்சியும் வருவது இதனால்தான். இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால், பேட்ச் என்பது பிளாஸ்திரி அன்று, தோல் வழியே மெதுவாகப் போடப்படும் ஊசி என்று பெரியம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டாவது, வெப்பம். என் மாணவர்களிடம் இதைக் கணக்காகக் கொடுத்தேன். தோலின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியசிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால் தனி வெப்பநிலை 305 கெல்வினிலிருந்து 313 ஆகிறது. உயர்வு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ‘இதில் என்ன ஆபத்து, சார்?’ என்றார்கள். இயற்பியல் படித்தவரும் ஏமாறும் இடம் இது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே கொழுப்பு படிந்திருக்கிறது. சூட்டில் அது இளகி மருந்துக்கு வழிவிடுகிறது. அடியில் இரத்தக் குழாய்களும் விரிந்து, வந்த மருந்தை வேகமாக வாரிக்கொண்டு போகின்றன. ஆரோக்கியமானவர்களுக்கு மணிக்கு 10 மைக்ரோகிராம் பேட்ச் ஒட்டி, அதன் மேல் வெப்பமூட்டும் திண்டு வைத்துச் சோதித்தபோது இரத்தத்தில் மருந்தின் அளவு 26 முதல் 55 விழுக்காடு வரை உயர்ந்தது. வெப்பத்தை நீக்கிய பின் பழைய நிலைக்குத் திரும்ப 5 மணி நேரம் வரை ஆயிற்று. ‘வெப்பம் படக் கூடாது’ என்பதைப் படிப்பவர் அடுப்பையும் நெருப்பையும் நினைத்துக்கொள்வார். ஒத்தடத்தையும் வெந்நீர்க் குளியலையும் நினைக்க மாட்டார். கடுங்காய்ச்சல் வந்தால் உடலே அந்த வெப்பத்தைத் தருகிறது என்பதையும் நினைக்க மாட்டார்.

மூன்றாவது, நேரம். மாத்திரை அரை மணியில் கேட்கும் என்று பழகியவர்கள் நாம். இந்தப் பேட்ச்சை ஒட்டினால் இரத்தத்தில் மருந்து நிலையான அளவை எட்ட ஏறக்குறைய 3 நாள் ஆகும். அது தெரியாதவர் முதல் நாளே ‘கேட்கவில்லை’ என்று இரண்டாவதையும் ஒட்டிக்கொள்வார். எடுத்த பிறகும் இதே கதைதான். தோலில் ஊறிய மருந்து தொடர்ந்து உள்ளே போகிறது. இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். பெரியம்மாவை ஓர் இரவு முழுவதும் கண்காணித்தது ஏன் என்பது இப்போது விளங்கும்.

நான்காவதுதான் மிகப் பெரிய மௌனம். ‘பயன்படுத்தியதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்’ என்று தாள் முடிகிறது. ஒரு சிறு பெருக்கல் போட்டுப் பாருங்கள். மணிக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 7 நாளுக்கு, அதாவது 168 மணிக்கு, 1680 மைக்ரோகிராம், 1.68 மில்லிகிராம். ஆனால் இந்தப் பேட்ச்சில் வைத்திருக்கும் மருந்து 10 மில்லிகிராம்! வாரம் முடிந்து உரித்து எறியும்போது ஆறில் ஐந்து பங்கு அதிலேயே இருக்கிறது.

ஏன் இந்த வீண்? 1855-இல் அடால்ஃப் ஃபிக் கண்ட விரவல் விதியைக் கல்லூரியில் கற்பிக்கிறோம். செறிவு வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு ஓட்டம். மொட்டை மாடித் தொட்டியில் நீர் நிறைய இருக்கும்வரை குழாயில் ஒரே சீராக வரும். மட்டம் இறங்க இறங்க ஓட்டம் மெலியும். ஏழாம் நாளும் முதல் நாளைப் போலவே மருந்து வர வேண்டுமானால் தொட்டி ஏறக்குறைய நிறைந்தே இருந்தாக வேண்டும். ஆகவே ‘தீர்ந்துபோன பேட்ச்’ என்று ஒன்று கிடையாது. இதைவிடக் கடுமையான ஃபென்டனில் பேட்ச்சும் அப்படியே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் குழந்தைகள் தற்செயலாக ஃபென்டனில் பேட்ச்சுக்கு ஆளான 26 நிகழ்ச்சிகளை ஆராய்ந்ததில், 10 குழந்தைகள் இறந்திருந்தனர். 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். பெரியம்மா தம் பழைய பேட்ச்சுகளைச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டுவந்தார். அந்த வீட்டில் இரண்டு வயதுப் பேரன் தவழ்ந்து நடக்கிறான்.

‘காரணம் சொன்னால் பாமரர்க்குப் புரியுமா?’ என்று தாளை எழுதியவர்கள் கேட்கக் கூடும். பெரியம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் ஆவி அடங்குமுன் குக்கரைத் திறக்க மாட்டார். உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் எந்தக் கம்பெனிக் குக்கரைக் கொடுத்தாலும் அவர் தவறு செய்ய மாட்டார். கட்டளை அது சொல்லும் ஒரு நிலைமைக்கு மட்டும் உதவும். காரணம் தெரிந்தவர் புதிய நிலைமையிலும் தாமே முடிவு செய்வார். அறிவியல் கல்வியின் பயனே அதுதான்.

இன்னொன்றையும் தாள் சொல்லவில்லை: இந்த மருந்திடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நீண்ட நாள் முதுகு வலி, இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மான வலி உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. அபினி வகை மருந்து பெற்றவர்களும் மற்ற வலி மருந்துகள் பெற்றவர்களும் அன்றாட வேலைகளைச் செய்வதில் வேறுபடவில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முன்னவர்களின் சராசரி 4.0, பின்னவர்களுக்கு 3.5. பக்க விளைவுகளோ முன்னவர்களுக்கே மிகுதி. அந்த ஆய்வில் மாத்திரைகளும், தேவைப்பட்டால் ஃபென்டனில் பேட்ச்சும் தரப்பட்டன. புப்ரனார்ஃபின் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட நெறிமுறையோ, மூட்டுத் தேய்மானத்துக்குக் கடும் அபினி வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்றே கூறியது. தக்க உடற்பயிற்சியை முதன்மைப்படுத்தியது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒட்டியிருக்கும் பேட்ச்சை உரித்தெறிய வேண்டாம். உடல் பழகிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று வேறு துன்பங்கள் வரும். மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். வேறு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது தரும் நிம்மதியும் உண்மையே. பெரியம்மா இன்றும் 5 மைக்ரோகிராம் பேட்ச்சைக் கையில் ஒட்டிக்கொண்டு, காலையும் மாலையும் முழங்கால் பயிற்சி செய்கிறார். மலச்சிக்கல் இருக்கிறது, கோயில் படி ஏறவும் முடிகிறது.

குறை சொல்பவன் மாற்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் நான் எழுதி ஒட்டியது இது:

‘இது முழங்காலுக்கு அன்று, இரத்தத்துக்குப் போகும் மருந்து, கையிலோ மார்பிலோ முதுகிலோ ஒட்டுக. சூடு பட்டால் அதிகம் உள்ளே போகும். ஒத்தடம் அதன் மேல் வேண்டாம், காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் சொல்க. பலன் தெரிய மூன்று நாள் ஆகும், இரண்டாவதை ஒட்டாதீர். எடுத்த பின்னும் ஒரு நாள் வேலை செய்யும். மதுவும் மருத்துவர் அறியாத தூக்க மாத்திரையும் கூடாது. எழுப்பியும் எழாவிட்டால் பேட்ச்சை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பழைய பேட்ச்சில் மருந்து நிறைய மிச்சம். பசைப் பக்கங்கள் ஒட்டும்படி மடித்து, பேரன் கைக்கு எட்டாமல் வைத்து, மருத்துவமனையில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்க.’

ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். மருந்துடன் வந்த தாளில் இதற்கு இடம் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அதை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு ‘கூடாது’க்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.