அருவருப்பில் பிறக்கும் சிரிப்பு

சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் தாலின் ‘தி ட்விட்ஸ்’ (1980) கதையில் வரும் மிஸ்டர் ட்விட் தாடியைக் கழுவுவதே இல்லை. அதில் முட்டைத் துணுக்கு, பூஞ்சை பிடித்த கார்ன்ஃபிளேக்ஸ், புழு வைத்த பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த மத்தி மீனின் வால் எல்லாம் ஒட்டிக் கிடக்கும். பசித்தால் நாக்கை நீட்டித் துழாவிக்கொள்வார். படிக்கும் பிள்ளை ‘ச்சீ’ என்று முகம் சுளிக்கும். உடனே அதே பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லும்.

மூக்கை நோண்டாதே, நாலு பேர் முன்னால் குசு விடாதே என்று பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தைப் போட்ட பெரியவர்களின் உலகத்திலேயே அது உடைந்தால் சிரிப்பு பீறிடாமல் என்ன செய்யும்? தாலின் ‘தி பிஎஃப்ஜி’யில் (1982) நல்ல பூதம் பக்கிங்ஹாம் அரண்மனையில், இங்கிலாந்து ராணியின் முன்னாலேயே குசு விடுகிறது. அரண்மனை மரியாதையை வயிறு மதிப்பதில்லை. அதிகாரத்தைப் பற்றிப் பிள்ளைக்குக் கிடைக்கும் நல்ல பாடம் இது.

இதே குசுச் சிரிப்பை நம்பும் டேவ் பில்கியின் ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’ சிறுவர் நூல் வரிசை 1997இல் தொடங்கியது. வாசிப்புக் குறைபாடும் கவனக் குறைபாடும் இருந்த பில்கியைப் பள்ளியில் வகுப்புக்கு வெளியே உட்காரவைப்பார்கள். அங்கே அவர் வரைந்த பாத்திரம்தான் கேப்டன் அண்டர்பேன்ட்ஸ். 2012, 2013 ஆண்டுகளில் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் இந்த வரிசைக்கே முதலிடம். எழுத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகளை இழுத்து உட்காரவைக்கும் புத்தகத்தை விரட்டுவது அநியாயம். ஆனால் கதை தளரும் இடத்திலெல்லாம் ஒரு குசுவைப் போட்டு ஒப்பேற்றினால், அது வெறும் சோம்பேறித்தனம்.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அசிங்கம் செயலிலிருந்து நழுவி ஒருவரின் தோற்றத்தில் ஒட்டிக்கொள்ளும்போது சிரிப்பு கொடுமையாகிவிடுகிறது. தாலின் ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ (1964) கதையில் அகஸ்டஸ் குளூப்பின் பருத்த உடம்பே குற்றம்போலக் காட்டப்படுகிறது. 2023இல் பஃபின் பதிப்பகம் ‘குண்டு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பிரம்மாண்டமான’ என்று மாற்றியது. சொல் மாறியதே தவிர பார்வை மாறவில்லை.

ஜெர்மனியில் 1989இல் வெர்னர் ஹோல்ட்ஸ்வார்த் எழுதி, வோல்ஃப் எர்ல்புருக் படம் வரைந்த அகழெலிக் கதை இந்தக் குழியில் விழவில்லை. தலையில் விழுந்த பீயோடு அகழெலி, அதைப் போட்டது யார் என்று ஒவ்வொரு விலங்காக விசாரிக்கும். ஒவ்வொன்றும் தன்னுடையதைப் போட்டுக் காட்டும். குதிரையினுடையது உருண்டை, முயலினுடையது அவரைக்கொட்டை அளவு. அருவருப்பு அங்கே கூர்ந்த கவனிப்பாக மாறுகிறது. கடைசியில், அதைப் போட்ட பெரிய நாயின் நெற்றியில் குட்டிப் புழுக்கை ஒன்றைப் போட்டுவிட்டு அகழெலி போய்விடும். யாருடைய தோற்றமும் அங்கே கேலியாவதில்லை.

பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கும்போது பீ, குசு என்று கண்டதும் ஒதுக்கிவிடாதீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.