பிரபுவின் பந்தியில் பன்னிருவர்: அடிமை முறைப் படங்களில் சமயம்

அடிமை முறை பற்றிய வரலாற்றுப் படங்களில் சமயம் என்றதும் ஸ்டீவ் மெக்வீனின் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ (2013) படத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எஜமானின் பைபிளைத் தோலுரித்த முதல் படம் அது என்ற பாராட்டும் கூடவே வரும். ஹவானாவையும் டக்காரையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பாராட்டு நிற்காது.

தொடக்க காலத்தில் சொல்ல அதிகமில்லை. எட்வின் போர்ட்டரின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1903) படத்தில் சிறுமி ஈவாவைத் தேவதை வானுக்கு எடுத்துச் செல்கிறது. கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915), முகமூடிக் கொலைகாரர்களை மீட்பர்களாக்கி, முடிவில் கிறிஸ்துவையே திரைக்கு இழுத்து வந்தது.

கியூபாவின் தோமாஸ் குத்தியெரெஸ் அலேயா 1976-இல் எடுத்த ‘லா உல்திமா சேனா’தான் இந்த வரிசையின் சிகரம். கியூபச் சர்க்கரை ஆலைகளின் வரலாற்றை எழுதிய மொரேனோ ஃப்ராகினால்ஸின் நூலில் போகிறபோக்கில் வரும் ஒரு சம்பவம் அதன் கரு. காலம், 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. கரும்புத் தோட்டப் பிரபு ஒருவர் பெரிய வியாழனன்று பன்னிரண்டு அடிமைகளின் பாதம் கழுவி, தம்மோடு பந்தியில் அமர்த்துகிறார். படத்தின் கணிசமான பகுதி அந்த ஒரே மேசையில் நடக்கிறது. ஒயின் ஏற ஏறப் பிரபுவின் உபதேசமும் ஏறுகிறது. தப்பியோடிப் பிடிபட்டுக் காதறுபட்ட செபஸ்தியானை அருகில் இருத்தி, தாம் யாரென்று கேட்கிறார். நெடுநேர மௌனத்துக்குப் பின் அவன் அவர் முகத்தில் உமிழ்கிறான். கிறிஸ்து பட்ட அவமானத்தின் கணக்கில் அதையும் வரவு வைத்துக்கொள்கிறார் பிரபு.

அவர் தூங்கிப்போன பிறகே செபஸ்தியான் பேசுகிறான். பன்றித் தலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அவன் சொல்லும் யொரூபாக் கதையில், பொய்யோடு மோதி மெய் தலையிழக்கிறது. கண்ணில்லாமல் தடவித் தடவிப் பொய்யின் தலையை எடுத்துப் பொருத்திக்கொள்கிறது. மெய்யின் உடலில் பொய்யின் தலை: சற்றுமுன் முடிந்த உபதேசத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு கிடையாது.

மறுநாள் புனித வெள்ளி. வேலை இல்லை என்பது பிரபு விருந்தில் கொடுத்த வாக்கு. கங்காணி தோன் மனுவேல் ஆட்களை வேலைக்கு விரட்டுகிறான். கலகம் மூண்டு கங்காணி கொல்லப்படுகிறான். பந்தியில் அமர்ந்தவர்களின் தலைகளைக் கம்புகளில் செருகவைக்கிறார் பிரபு. ஒரு கம்பு மட்டும், தப்பிவிட்ட செபஸ்தியானுக்காக, காலியாக நிற்கிறது.

செனகலின் உஸ்மான் செம்பேன் ‘செட்டோ’வில் (1977) பார்வையை ஆப்பிரிக்கக் கரைக்கே திருப்பினார். இமாம் அரியணையைப் பிடித்து, மக்களின் தலையை மழித்துப் புதுப்பெயர் சூட்டுகிறார். துப்பாக்கிக்கு ஆள் வாங்கும் வெள்ளை வணிகனும் ஒரு பாதிரியாரும் அதே ஊரில் இருக்கிறார்கள். அடிமைகளுக்குச் சூடு போடும் காட்சியில் பின்னணியாக ஒலிப்பது அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலய இசை. தலைப்பில் ஓர் எழுத்து அதிகம் என்ற சாக்கில் செனகல் அரசு படத்தை முடக்கியது. ஹைலே கெரிமாவின் ‘சங்கோஃபா’வில் (1993), பாதிரியாரிடம் வளர்ந்து மரியன்னை பக்தியில் ஊறிய ஜோ, பெற்ற தாய் நூனுவையே கொன்றுவிடுகிறான்.

ஸ்பில்பெர்க்கின் ‘அமிஸ்டாட்’ (1997) மென்மையானது; சிறையில் ஆப்பிரிக்கக் கைதி யாம்பா படம் போட்ட பைபிளைப் புரட்டிக் கிறிஸ்துவின் கதையைத் தானே ஊகிக்கும் இடம் மட்டும் மனதில் நிற்கும். மெக்வீனின் படத்தில் எஜமான் எப்ஸ் லூக்கா நற்செய்தியைச் சவுக்கடிக்குச் சட்டமாக வாசிப்பது வலுவான காட்சிதான். சக அடிமையின் அடக்கத்தின்போது கதாநாயகன் சாலமன் தயங்கித் தயங்கிப் பாட்டில் சேர்வது அதைவிட வலுவானது. ஆனால் எப்ஸிடம் கடவுளின் நீதியைப் பேசி வாதிடுபவன் பாஸ், கனடாவிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தச்சன். அடிமைகளுக்குப் பெரும்பாலும் பாட்டே மிஞ்சுகிறது. செபஸ்தியானுக்கு அலேயா கொடுத்த பேச்சு சாலமனுக்குக் கிடைக்கவில்லை.

நேட் பார்க்கர் 2016-இல் கிரிஃபித்தின் தலைப்பையே எடுத்துக்கொண்டு, 1831 வர்ஜீனியா கலகத்தை நடத்திய நாட் டர்னரைப் படமாக்கினார். கீழ்ப்படிதலைப் போதிக்கத் தோட்டம் தோட்டமாக வாடகைக்கு அனுப்பப்படும் டர்னர் அதே நூலில் வேறு வசனங்களைக் கண்டெடுக்கிறார். படம் கரடுமுரடானது என்றாலும் அலேயா விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. கேசி லெம்மன்ஸின் ‘ஹாரியட்’ (2019) அந்த வழியில் போகவில்லை. ஹாரியட் டப்மனின் தரிசனங்கள் அதில் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கைகளாகச் சுருங்கிவிட்டன.